தார் பூசிய ஆமை

மண் கிளறும் முள்ளைக் காலால் அழுத்தியபோது உள்ளே ‘டக்’கென்று ஏதோ தடுத்தது. கல் என்றுதான் நினைத்தேன். அப்புத்தளைப் பக்கத்து மண்ணில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லுக்குப் பயந்து வேலையை நிறுத்துகிறவனும் நானில்லை. இன்னொரு தடவை முழுப் பலத்தோடு மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்களுக்கென்று இருந்த துண்டு நிலத்தில் லீக்ஸ் நடுவதற்காக மண் கிளறிக்கொண்டிருந்தேன். முள் என்பது நீளப் பிடியில் நாலு இரும்புப் பல் வைத்த சாமான். ஓரத்தில் நான் குவித்து வைத்திருந்த மானாப் புல்லின் அடியில் அதன் பல் இறங்கியிருந்தது. அன்றைய மூடுபனியில் என் கால்விரலே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

புல்லுக்குள்ளிருந்து ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். பாம்பு என்று துள்ளிக் குதித்தேன். விலக்கிப் பார்த்தால் பாம்பு இல்லை, ராசாத்தி.

ராசாத்தி என் மனைவி பவளத்தின் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். இரண்டு கையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். முள்ளின் ஒரு பல் அதன் முதுகில் வலது ஓரமாக இறங்கி நின்றது. இழுத்து எடுத்தேன். ஓடு விரல் நீளத்துக்கு வெடித்து, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரத்தம் கசிந்தது. ஆமைக்கும் இரத்தம் சிவப்புத்தான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த கருப்பையா அண்ணன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் கேலிதான்.

“என்னடா தம்பி, பொண்டாட்டி கொண்டாந்த சீதனத்துல ஓட்டை போட்டுட்டியா?”

எனக்குப் பதறிவிட்டது. அது அவருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வீம்பு. சிரித்துக்கொண்டே சொன்னேன்: “விடுங்கண்ணே, ஒழிஞ்சது சனியன்.”

திரும்பினால் தண்ணீர் வாளியோடு பவளம் நிற்கிறாள்.

வெலிமடை வாசகர் கேட்டது

வெலிமடையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். “ஐயா, உங்கள் பத்தியை வாராவாரம் படிக்கிறேன். நீங்கள் மேட்டில் ஏறியதும் மழையில் நின்றதும் கங்காணியை எதிர்த்துப் பேசியதும் நன்றாகத்தான் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தப்புக்கூடச் செய்ததில்லையா?”

நல்ல கேள்வி. கடிதத்தைப் பவளத்திடம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ராசாத்திய எழுதுங்க, போதும்” என்றாள். ஆகவே இந்த வாரம் நான் ஏறிய மேடு எதுவும் கிடையாது.

ஆமை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பவளம் பிறந்தது மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவள் அப்பா பால் வெட்டுகிறவர். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, வெயிலில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு குட்டி ஆமையை லொறியில் நசுங்காமல் தூக்கி வந்து கொடுத்தாராம். அன்று முதல் அதுதான் அவளுக்குத் தங்கச்சி.

எங்கள் கல்யாணம் அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நடந்தது. சீர் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு பெட்டி, இரண்டு பாய், ஒரு தகர பிஸ்கட் டின். டின்னின் மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. பலகாரம் என்று நினைத்து என் அம்மா திறந்தார். ராசாத்தி தலையை நீட்டிப் பார்த்தது.

அம்மா போட்ட கூச்சலில் பத்துக் காம்பராக்களும் கூடிவிட்டன. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் ஆகாது என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. புது மருமகள் அதை டின்னில் போட்டு, தானே வாசல் தாண்டிக் கொண்டு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு தீர்ப்பு ஆனது. ஆமை முன்திண்ணையான இஸ்தோப்போடு நிற்க வேண்டும், வீட்டு நிலையைத் தாண்டக் கூடாது. அந்தத் தீர்ப்புக்கு நானும் தலையாட்டினேன். பவளம் இஸ்தோப்பின் மூலையில் சாக்கு விரித்து ராசாத்தியைப் படுக்க வைத்தாள். வெயில் ஊரில் பிறந்த அந்த ஜீவன் எங்கள் குளிருக்கு ஒதுங்க இடம் தேடித்தான் மானாப் புல்லுக்குள் நுழைந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு அப்போதே புரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

இரண்டில் எதுவானாலும்

அன்று பவளம் அழவில்லை. அழுதிருந்தால் எப்படியாவது சமாதானப்படுத்தியிருப்பேன். ஆமையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரத்தம் நிற்கும்வரை துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“இது செத்துச்சுன்னா நான் அன்னைக்கே எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன். பொழச்சா, காயம் ஆறி நல்லா நடக்குற வரைக்கும் இருப்பேன். அப்புறம் போயிருவேன்.”

“எதுன்னாலும் போறதுதானா?”

“முள்ளு பட்டது தெரியாமப் பட்டது. அந்த வார்த்த தெரிஞ்சுதானே சொன்னீங்க?”

அதோடு அவள் என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். முழுக்க நிறுத்தினால் குடித்தனம் ஓடாதே, அதனால் ஆமையிடம் பேசுவாள். “ராசாத்தி, சோறு ஆக்கியாச்சுன்னு சொல்லு.” “ராசாத்தி, விறகு தீந்து போச்சு, யாருக்கும் காதுல விழுதான்னு கேளு.” நான் குனிந்து ஆமையைப் பார்த்து, “சரி” என்பேன். கருப்பையா அண்ணன் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

நான் மட்டும் ஒன்றை உறுதியாக முடிவு செய்தேன். இந்த ஆமையைச் சாக விடப் போவதில்லை. நான் உண்டாக்கிய காயம், நான்தான் ஆற்ற வேண்டும்.

செடிக்குத் தெரிந்த வைத்தியம்

அப்போது நான் கவ்வாத்துக்காரன். வயதேறிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. சில வருடங்களுக்கு ஒரு தடவை வரும். எங்கள் மலையில் என் வெட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. தடித்த கொப்பை வெட்டிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி அழுகாமல் இருக்கத் தார் பூசுவோம். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மொட்டைக் கட்டையெல்லாம் துளிர்த்திருக்கும். அந்தத் துளிரைப் பார்க்கிறபோது எனக்கு வருகிற திமிர் கொஞ்சமல்ல.

ஆமை ஓடும் கட்டை மாதிரித்தானே இருக்கிறது?

திங்கட்கிழமை மலையிலிருந்து ஒரு சிரட்டையில் தார் கொண்டு வந்தேன். பவளம் கொழுந்து எடுத்துத் திரும்புவதற்குள், ஓட்டையும் வெடிப்பும் தெரியாமல் வழித்துப் பூசிவிட்டேன். வேலை சுத்தம். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

பவளம் வந்தாள், பார்த்தாள்.

“ராசாத்தி, உன்னைய தேயிலைச் செடின்னு நெனச்சுட்டாரு உங்கய்யா.”

“ஒரு மாசத்துல பாரு” என்று நான் ஆமையிடம் சவால் விட்டேன்.

நாலாம் நாள் ராசாத்தி பூசணிப் பூவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு உயிரே அந்தப் பூதான். ஒரு வாரத்தில் தலையை நீட்டுவதை நிறுத்தியது. பத்தாம் நாள் பவளம் அதை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தாள். “நாறுது” என்றாள், ராசாத்தியிடம்.

“தார் வாசம் அப்படித்தான்” என்றேன். எனக்கும் தெரிந்தது அது தார் வாசம் இல்லையென்று. ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் அந்த வீம்பிலேயே போயிற்று. அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

பதுளைக்கு ஒரு கொழுந்துக் கூடை

கொழுந்துக் கூடையில் சாக்கு விரித்து ஆமையை வைத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினேன். அங்கே துரைமார் நாய்களைப் பார்க்கிற மிருக டாக்டர் ஒருவர் இருந்தார். பெஞ்சில் என் இரண்டு பக்கமும் கழுத்தில் பட்டை கட்டிய நாய்கள். நடுவில் நானும் கூடையும்.

டாக்டர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். ஆமையைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியது.

“தார் யாரு பூசினது?”

“நான்தாங்க.”

“நீ என்ன வேலை?”

“கவ்வாத்துங்க.”

சிரிக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “மரத்துக்குச் சீழ் வராது. இதுக்கு வரும். நீ மூடி வச்சிட்ட, உள்ள அழுகுது.”

சுத்தம் செய்து, ஊசி போட்டு, அங்கேயே சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆகும் தொகையையும் சொன்னார். நானும் பவளமும் ஒரு மாதம் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனாலும் எட்டாத தொகை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊசி மருந்து அப்போது யாருக்கும் சும்மா கிடைக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் கூப்பிட்டார்.

“இந்தா, கேட்டுட்டுப் போ. தார எடு. உள்ள இருக்கிறது எல்லாம் வெளிய வரணும். கொதிச்சு ஆறின உப்புத் தண்ணியில கழுவு, தினமும். சுத்தமான தேன் பூசு. காயத்த அடைக்காத, ஈ மட்டும் உக்கார விடாத. சூடு குடு. சூடு இல்லாட்டி இது சாப்பிடாது, சாப்பிடாட்டி ஆறாது.”

“பொழைக்குமாங்க?”

“நீ எத்தன நாள் விடாம செய்வ?” என்றார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் தேன் கேட்டேன். என்ன வருத்தத்துக்கு என்று விசாரித்தவர், ஆமைக்கு என்றதும் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆமைக்குத் தேன் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் தம்பி. சீனிப்பாகு கலந்தது ஒண்ணு இருக்கு, அது மனுசருக்கு. இதுக்கு நல்லதாத் தாரன்” என்று உள்ளேயிருந்து வேறு போத்தலை எடுத்து வந்தார்.

கை நடுங்காமல்

மறுநாளே செய்தேன். நல்ல வெயில். தாரின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி இளக வைத்தேன். எத்தனையோ கத்தி இருந்தாலும் என் கைக்குப் பழகியது கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான். அதன் மூக்கைத் தீட்டி, தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். ஆமையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பவளம் எதிரே நின்றாள். முள்ளால் குத்தியவன் இப்போது கத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். நானாக இருந்தால் ஆமையைக் கொடுத்திருக்க மாட்டேன்.

“தாரு தப்பு” என்றேன். இந்தத் தடவை ஆமையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னேன். “அதுக்கு முந்தி சொன்ன வார்த்த அதவிடத் தப்பு. கருப்பையா அண்ணன் முன்னால வெக்கமாப் போச்சு, அதான் சொன்னேன். இத நான் சாக விடமாட்டேன். நீ போனாலும் சரி, விடமாட்டேன்.”

அவள் கீழே உட்கார்ந்து, ராசாத்தியை இரண்டு கையாலும் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“கை நடுங்காம வெட்டுங்க.”

நடுங்கவில்லை. தாரைச் சிறிது சிறிதாக நெம்பினேன். கடைசிப் பொருக்கு வந்ததும் உள்ளிருந்து தயிர்க்கட்டி மாதிரிச் சீழ் வந்தது. அந்த நாற்றத்துக்குக் கருப்பையா அண்ணன் வேலியை விட்டே ஓடினார். பவளம் முகத்தைத் திருப்பவில்லை. துணியைத் திரித்துத் திரித்து உப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள், நான் துடைத்தேன். வெள்ளையாக வந்துகொண்டிருந்த துணியில் கடைசியில் ஒரு சொட்டு நல்ல இரத்தம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தேன்.

மறுநாள் பேச்சு மறுபடி ராசாத்தி வழியாகத்தான் நடந்தது. பரவாயில்லை, ஒரு தடவை கிடைத்தது போதும் என்று இருந்தேன்.

போத்தலைத்தானே தொட்டேன்

சூட்டுக்கு என்ன செய்வது? அடுப்படிதான் வீட்டிலேயே சூடான இடம். அதற்கு அம்மாவின் தீர்ப்பு குறுக்கே நின்றது. தேயிலை ஆலையான ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. தேயிலையைக் காக்கிற பெட்டி ஆமையையும் காக்கும். சாராயப் போத்தல் இரண்டில் சுடுதண்ணீர் நிரப்பிச் சாக்கில் சுற்றி, பெட்டிக்குள் இரண்டு பக்கமும் வைத்தோம். ஆறினதும் மாற்ற வேண்டும். காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை நான். பகல் சாப்பாட்டுக்கு வந்து ஒரு தடவை பவளம். மாலையில் மறுபடி நான். தினமும் கழுவல், தினமும் தேன். மழை அடித்தாலும் காய்ச்சல் வந்தாலும் விடவில்லை.

ஒருநாள் மலையில் வேலை இழுத்துவிட்டது. பவளத்தாலும் வர முடியவில்லை. போத்தல் ஐஸாகியிருக்கும் என்று பதறிப்போய் ஓடி வந்தேன். தொட்டால் இரண்டும் சுடச்சுட இருக்கின்றன. சாக்கு முடிச்சு வேறு மாதிரி இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் ஒண்ணும் ஆமையத் தொடல. போத்தலத்தானே தொட்டேன்.”

எத்தனை வாரம் போயிற்று என்று நினைவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையெல்லாம் துளிர்த்து முடிந்திருந்தது. காயத்தின் ஓரம் மெல்லக் காய்ந்து, உள்ளே மங்கிய நிறத்தில் புதுத் தோல் கட்டியது. ஒரு காலையில் ராசாத்தி கழுத்தை நீட்டிப் பூசணிப் பூவை ஒரு கடி கடித்தது. பவளம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் பாதிதான், மீதி பயம். அது ஆறினால் இவள் போய்விடுவாளே.

வாசகரே, தப்பைக் கேட்டீர்கள் அல்லவா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள் தேன் போத்தலைக் கையில் எடுத்தவன், இன்றைக்குப் பூசாமல் விட்டால் இன்னும் ஒரு வாரம் இழுக்குமே என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். பிறகு பூசினேன், அதுவும் நிஜம்.

ராசாத்தி இஸ்தோப்பை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த அன்று, அதன் பெட்டி மேல் ஒரு கடிதம் இருந்தது. “ராசாத்தி, இதத் தபால்ல போடச் சொல்லு.” மேலே அவள் அப்பாவின் முகவரி. அதில் என்ன இருக்கும் என்று திறந்து பார்க்காமலே தெரியும். அன்றே அப்புத்தளைக்கு நடந்துபோய்ப் போட்டேன்.

திரும்பி வந்தபோது வாசலில் நின்றாள்.

“போட்டீங்களா?”

“போட்டேன்.”

“கிழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாமா வந்த நாள்

ஒரு சனிக்கிழமை மாமா பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். குளிரில் பல் கிட்டியது அவருக்கு. இஸ்தோப்பில் பாய் போட்டேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்.

“என்ன புள்ள, துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?” என்றார் மாமா. “ஆம ஆறினதும் வந்து கூட்டிட்டுப் போங்கன்னு எழுதியிருந்தியே.”

பவளம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

“இன்னும் ஆறலப்பா” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராசாத்தி பெட்டியின் பின்னாலிருந்து வந்தது. வாயில் ஒரு முழுப் பூசணிப் பூ. விறுவிறுவென்று, அதன் கணக்கில் விறுவிறுவென்று, எங்கள் எல்லோர் முன்னாலும் இஸ்தோப்பைக் கடந்தது. மாமாவின் செருப்பு குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நின்று பூவை மென்றது.

மாமா ஆமையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அதுக்கு ஆற இன்னும் ரொம்ப நாளாகும் சம்பந்தி. இந்தக் குளிருல லேசுல ஆறுமா?”

“ஆமா, ஆமா” என்றார் மாமா. “பாத்தாலே தெரியுது. ரொம்பக் கஷ்டப்படுது.”

பவளம் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நிக்கிறீங்களே. அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டாங்க.”

அதற்குப் பிறகு அவள் ராசாத்தி வழியாக எனக்குச் சொல்லியனுப்பியதில்லை.

ராசாத்தி இன்றும் இருக்கிறது. காயம் இருந்த இடத்தில் நட்சத்திரம் இல்லை, ஒரு மொட்டைத் தழும்பு. அதன் ஓரத்தில் நான் எடுக்காமல் விட்ட ஒரு சொட்டுத் தார் இன்னும் ஒட்டியிருக்கிறது. இதுவரை எழுதியதைப் பவளத்துக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

“கடைசியில காயம் ஆறிடுச்சுன்னு ஒரு வரி போட்டு முடிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம்” என்றாள். “இன்னும் ஆறலன்னே எழுதுங்க.”